பாரிஸில் ஒரு பத்திஸ்ரிக்குள் நுழையுமுன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாரிஸுக்கு வரும் சொந்தக்காரர்கள் ஈஃபில் கோபுரத்தைவிட அதிகமாக என்னிடம் கேட்பது இதைத்தான்: கண்ணாடிக்குப் பின்னால் நகைக்கடை மாதிரி அடுக்கி வைத்திருக்கிறார்களே, அந்தக் கேக்குகளை எங்கே வாங்குவது, எப்படிக் கேட்பது, எதைச் சாப்பிடுவது? நான் காரைக்காலிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்டவள். ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் தனித்தனியாக எழுதிய பதில்களை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இவை அன்று காலையில் செய்து அன்றே தின்பதற்கான பண்டங்கள். நம் ஊர் மைசூர்பாகு போல ஒரு வாரம் டப்பாவில் காத்திருக்காது. கீழே உள்ள பதில்களில் பாதி இந்த ஒரு விஷயத்திலிருந்து வருபவைதான்.

பத்திஸ்ரியும் பேக்கரியும் ஒன்றுதானே?

நம் ஊர் பேக்கரியில் பிரெட், பன், பஃப்ஸ், பிறந்தநாள் கேக் எல்லாம் ஒரே அலமாரியில் இருக்கும். பிரான்ஸில் இவை தனித்தனித் தொழில்கள். ரொட்டி சுடுகிறவர் பூலான்ஜே, அவர் கடை பூலான்ஜ்ரி. கிரீம் பண்டங்களும் கேக்குகளும் பழத் தார்த்துகளும் (நாம் டார்ட் என்பது) செய்கிறவர் பத்திஸ்யே, அவர் கடை பத்திஸ்ரி. ரொட்டிக் கடை என்று பலகை மாட்டுவதற்கே 1998-இல் ஒரு சட்டம் போட்டார்கள். மாவு பிசைவது, புளிக்க வைப்பது, உருட்டுவது, சுடுவது எல்லாம் விற்கிற இடத்திலேயே நடந்தால்தான் அந்தப் பெயரை வைக்கலாம்.

இரண்டுக்கும் நடுவே வியன்வாஸ்ரி என்று ஒரு வகை உண்டு. க்ருவசோன் (நாம் குரோசாண்ட் என்பது), சாக்லேட் வைத்த பான் ஓ ஷொகொலா போன்றவை அதில் சேரும். 1830-களின் இறுதியில் ஆகஸ்ட் ஸாங் என்பவர் வியன்னாவிலிருந்து வந்து ரிஷ்லியு தெருவில் கடை போட்டார். அந்த வியன்னாதான் இன்னும் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. காலையில் காபியோடு சாப்பிட இவை. பத்திஸ்ரிப் பண்டங்களைச் சாப்பிடுவது பெரும்பாலும் மதியத்துக்குப் பிறகுதான்.

அக்கம்பக்கத்துக் கடைகள் பலவும் 'பூலான்ஜ்ரி பத்திஸ்ரி' என்று இரண்டையும் சேர்த்தே நடத்துகின்றன. அவற்றைத் தள்ளிவிடாதீர்கள்.

ஒரே ஒரு கடைக்குத்தான் போக நேரம் இருக்கிறது. எது?

ஸ்டோரர். மோந்தோர்கெய் தெரு, 51-ஆம் எண். பாரிஸில் இன்றும் நடக்கும் பத்திஸ்ரிகளில் மிகப் பழையது. 1730-இல் நிக்கோலா ஸ்டோரர் தொடங்கியது. அவர் போலந்து அரசராக இருந்த ஸ்டானிஸ்லாஸின் சமையலறையில் வேலை பார்த்தவர். அரசரின் மகள் மரி 1725-இல் பதினைந்தாம் லூயியை மணந்து வெர்சாய்க்கு வந்தபோது கூடவே வந்தார். ஐந்து வருடத்தில் இந்தக் கடை.

கடை சின்னது. பத்துப் பேர் நின்றால் இடித்துக்கொள்ள வேண்டும். ஆனால் உள்ளே போனதும் தலையைத் தூக்கிச் சுவரைப் பாருங்கள். கையில் பலகாரம் ஏந்திய பெண்களின் ஓவியங்கள் 1864-இல் வரைந்தவை. 2004-இல் இரண்டாம் எலிசபெத் அரசி பாரிஸ் வந்தபோது இந்தத் தெருவுக்கும் இந்தக் கடைக்கும் வந்து போனார். உட்கார இடம் கிடையாது, வாங்கிக்கொண்டு வெளியே வர வேண்டியதுதான்.

நம்மவர்கள் பெரும்பாலும் கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் வாங்க லாச்சப்பல் பக்கம் போவார்கள். அங்கிருந்து கார் து நோர் ரயில் நிலையத்துக்கு நடந்து வந்து மெட்ரோ நாலாம் நம்பர் ஏறினால் ஐந்தாவது நிறுத்தம் எத்தியேன் மர்செல். இறங்கிச் சில நிமிடம் நடந்தால் கடை.

உட்கார்ந்து, வெள்ளித் தட்டு, துணி நாப்கின் என்று ஒரு மாலையைக் கழிக்க ஆசையா? ரிவோலி தெருவில் துயிலரி தோட்டத்துக்கு எதிரே உள்ள ஆன்ஜெலினாவுக்குப் போங்கள். ஆஸ்திரியாவிலிருந்து வந்த அன்டன் ரும்பல்மையர் 1903-இல் தொடங்கியது. மருமகளின் பெயர்தான் கடையின் பெயர். வரிசை இருக்கும், வார இறுதியில் நீளமாகவே இருக்கும். ருவாயல் தெருவில் 1862-இல் ரொட்டிக் கடையாகத் தொடங்கிய லாதுரேயும் அழகான இடம். இன்று உலகமெங்கும் கிளைகள் உள்ளதால், இங்கே மட்டும் கிடைப்பதைத் தேடுகிறவர்களுக்கு நான் அதை முதலில் சொல்வதில்லை.

பிரெஞ்சு தெரியாது. உள்ளே போய் என்ன சொல்வது?

'போன்ஜூர்'. இந்த ஒரு சொல்லை மறக்கவே மறக்காதீர்கள். மாலை என்றால் 'போன்ஸ்வார்'. கதவைத் திறந்ததும் கடைக்காரரின் கண்ணைப் பார்த்து முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும். பிறகுதான் கேள்வி, விலை எல்லாம். வணக்கம் சொல்லாமல் நேராக 'ஹவ் மச்' என்று ஆரம்பிப்பது, வீட்டுக்கு வந்தவர் வாசலில் நின்று ஒரு வார்த்தை பேசாமல் அடுப்படிக்குப் போய்ப் பாத்திரத்தைத் திறந்து பார்ப்பது போல. பாரிஸ்காரர்கள் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள் என்று வருகிற புகார்களில் பாதி இந்த ஒரு சொல்லால் தீர்ந்துவிடும் என்று உறுதியாகச் சொல்வேன்.

வேண்டியதை விரலால் காட்டலாம், தவறில்லை. பின்னால் 'சில் வூ ப்ளே' சேர்த்துக்கொள்ளுங்கள், நம் 'தயவுசெய்து' மாதிரி. இவர்கள் கட்டைவிரலிலிருந்து எண்ணுவார்கள். ஒன்றுக்குக் கட்டைவிரல், இரண்டுக்குக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும். 'சுர் ப்ளாஸ்' என்றால் இங்கேயே சாப்பிட, 'ஆ ஆம்போர்த்தே' என்றால் எடுத்துப் போக. கிளம்பும்போது 'மெர்சி, ஒர்வுவா'. எதையும் நீங்களாகக் கையால் எடுக்கக் கூடாது. பட்டையான கரண்டியால் அவர்களே அடியோடு தூக்கி வைப்பார்கள், அதைப் பார்ப்பதே அழகு.

எந்த நேரத்தில் போனால் நல்லது?

காலை பத்திலிருந்து பதினொன்றரைக்குள். அலமாரி நிறைந்திருக்கும், கூட்டம் குறைவு. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் போனால் நல்லவை எல்லாம் தீர்ந்திருக்கும். அப்படித் தீர்ந்து போகிற கடைதான் நல்ல கடை. இரவு எட்டு மணிக்கும் எல்லாத் தட்டும் நிறைந்திருந்தால் எனக்குச் சந்தேகம் வரும். ஞாயிறு காலை குடும்ப விருந்துக்கு வாங்க ஊரே வரிசையில் நிற்கும். திங்கட்கிழமை மூடும் கடைகள் நிறைய, ஆகஸ்டில் சில வாரங்கள் விடுமுறை விடுகிறவையும் உண்டு. முன்கூட்டியே பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

முதல் தடவை எதை வாங்கலாம்? பார்த்தால் எல்லாமே நன்றாக இருக்கிறது.

இதற்கு நான் கொஞ்சம் நீளமாகத்தான் பதில் சொல்வேன்.

முதலில் எக்லேர். பெயருக்கு 'மின்னல்' என்று பொருள். பார்க்க எளிமையானது, ஆனால் ஒரு கடையின் தரத்தை இதை வைத்தே சொல்லிவிடலாம். தண்ணீரும் வெண்ணெயும் கொதிக்கும்போது மைதாவைக் கொட்டிக் கிளறி, ஆறியதும் முட்டை சேர்த்த மாவு அது. ஷூ மாவு என்பார்கள். பேக்கிங் பவுடர் கிடையாது. அடுப்பின் சூட்டில் மாவுக்குள் உள்ள ஈரம் ஆவியாகி அதை உப்ப வைக்கிறது, பூரி உப்புவது போல. அந்தக் கூட்டுக்குள் பால், முட்டை மஞ்சள், சர்க்கரை சேர்த்துக் காய்ச்சிய கிரீமை நிரப்பி, மேலே சர்க்கரைப் பூச்சு போடுவார்கள். காபியும் சாக்லேட்டும்தான் பழைய சுவைகள். நல்ல எக்லேரின் மேல்பூச்சு கண்ணாடி போல மின்னும். கடித்தால் மாவு மெல்லிதாக எதிர்த்துவிட்டுப் பிறகு விட்டுக் கொடுக்கும். சுற்றுலாப் பயணிகள் மொய்க்கும் ஓரிடத்தில் ஒருமுறை வாங்கினேன். பூச்சு சுருங்கி வியர்த்திருந்தது, மாவு நனைந்த அட்டை போல இருந்தது. அது முந்தைய நாளுடையது. பணம் போனது பெரிதில்லை. கூட வந்த சித்தி, 'இதற்காகவா இவ்வளவு பேசினாய்?' என்று கேட்டதுதான் வருத்தம். மறுநாள் வேறு கடையில் ஒன்று வாங்கிக் கொடுத்தேன், பாதிக்கு மேல் பேச்சே இல்லை.

அடுத்து பாரி ப்ரெஸ்ட். இது சைக்கிள் சக்கரம். பாரிஸிலிருந்து மேற்குக் கடற்கரையில் உள்ள ப்ரெஸ்ட் வரை போய்த் திரும்பும் 1200 கிலோமீட்டர் சைக்கிள் பந்தயம் 1891-இல் தொடங்கியது. அதன் நினைவாக, பாரிஸை அடுத்த மேசோன் லஃபித் ஊரில் லூயி துரான் என்பவர் 1910-இல் செய்த பண்டம். வளையமான ஷூ மாவின் மேல் சீவிய பாதாம், நடுவே வறுத்த ஹேசல் கொட்டையும் பாதாமும் சர்க்கரைப் பாகில் அரைத்துச் சேர்த்த வெண்ணெய் கிரீம். நம் நாக்குக்கு முதல் தடவையே பிடித்துப்போவது இதுதான். கடலை மிட்டாயின் வறுத்த வாசனை அதில் எங்கோ இருக்கிறது.

சேந்தோனோரே ரொட்டிக்காரர்களின் காவல் புனிதரின் பெயர் தாங்கியது. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் அதே பெயருள்ள தெருவில் கடை வைத்திருந்த ஷிபூஸ்த் பட்டறையில் பிறந்தது. அடியில் அடுக்கு மாவு, விளிம்பில் கேரமலில் முக்கிய குட்டி உருண்டைகள், நடுவே கிரீம். அந்த உருண்டை ஒன்றை முதலில் எடுத்துக் கடித்துப் பாருங்கள். மேலே இருக்கும் கேரமல் மெல்லிய கண்ணாடிபோல 'டக்'கென்று உடையும். அடுத்த நொடி உள்ளே குளிர்ந்த கிரீம். கேரமல் ஈரத்தை இழுக்கும். நாலைந்து மணி நேரம் போனால் அந்த 'டக்' சத்தம் போய்விடும், வெறும் பிசுபிசுப்புதான் மிஞ்சும். இதை வாங்கி ஃபிரிஜில் வைத்து இரவு சாப்பிடுகிறேன் என்று சொல்கிறவர்களிடம் நான் மன்றாடுவேன்: வேண்டாம், தெருமுனை பெஞ்சில் உட்கார்ந்து இப்போதே சாப்பிடுங்கள்.

ஆன்ஜெலினாவுக்குப் போனால் மோன் ப்லான். பனி மூடிய மலையின் பெயர். அடியில் மொறுமொறுப்பான மெரிங்கு (முட்டை வெள்ளைக் கருவும் சர்க்கரையும் அடித்துச் சுட்டது), அதன் மேல் சர்க்கரை சேர்க்காத பாலேடு, அதை முழுக்க மூடி இடியாப்பம் பிழிந்தது போலச் செஸ்ட்நட் விழுதின் இழைகள். செஸ்ட்நட் நமக்குப் பழக்கமில்லாதது. சர்க்கரைவள்ளிக் கிழங்கை நெருங்கிய சுவை என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே கெட்டியான சூடு சாக்லேட்டும் பிரசித்தம், கரண்டி நிற்கிற அளவு கெட்டி. இரண்டையும் ஒருவரே முடிப்பது கஷ்டம். இரண்டு பேர் போனால் ஆளுக்கு ஒன்று சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள்.

எலுமிச்சைத் தார்த்தைப் பற்றி ஒரே வரி: சாப்பாட்டுக்குப் பிறகு என்றால் அதுதான்.

மில்ஃபய் சாப்பிட்டால் எல்லாம் பிதுங்கி வெளியே வருகிறதே, எப்படித்தான் வெட்டுவது?

பக்கவாட்டில் சாய்த்துப் படுக்க வையுங்கள். பிறகு கத்தியை வைத்தால் அடுக்குகள் செங்குத்தாக நிற்கும், வெட்டினால் கிரீம் பிதுங்காது. கையால் எடுத்துக் கடித்தாலும் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

பெயருக்கு 'ஆயிரம் இலை' என்று அர்த்தம். மாவுக்குள் வெண்ணெய்ப் பலகையை வைத்து மூடி, தேய்த்து, மூன்றாக மடிப்பார்கள். குளிர வைத்து மறுபடி தேய்த்து, மறுபடி மூன்றாக. வழக்கப்படி இப்படி ஆறு முறை. மும்மூன்றாக ஆறு முறை பெருக்கினால் 729 வெண்ணெய் அடுக்கு. சூட்டில் வெண்ணெயிலுள்ள நீர் ஆவியாகி ஒவ்வொரு அடுக்கையும் தூக்குகிறது. நம் பரோட்டா மாஸ்டர் வீசி மடிப்பதும் இதே அறிவுதான், அங்கே எண்ணெய், இங்கே வெண்ணெய். இடையிடையே குளிர வைக்காவிட்டால் வெண்ணெய் உருகி மாவோடு கலந்துவிடும், அடுக்கே வராது. சென்னை வெயிலில் இதைச் செய்து பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

மக்கரோனும் நம் தூத்துக்குடி மக்ரூனும் ஒன்றா?

ஒரே குடும்பத்து உறவுதான். இரண்டும் முட்டை வெள்ளைக் கரு, சர்க்கரை, அரைத்த பருப்பு. தூத்துக்குடியில் முந்திரி, இங்கே பாதாம். தூத்துக்குடி மக்ரூன் கூம்பாக, உலர்ந்து, வாயில் வைத்ததும் பொடிந்து கரையும். பாரிஸ் மக்கரோன் இரண்டு வட்டத் தட்டுகள், நடுவே கனாஷோ (சாக்லேட்டும் பாலேடும் கலந்த கிரீம்) ஜாமோ. மேல் தோல் மெல்லிதாக உடைய வேண்டும், உள்ளே மெத்தென்று இருக்க வேண்டும். இப்படி இரண்டை ஒட்டி விற்கும் வழக்கத்தை 20-ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் பரப்பியது லாதுரே குடும்பத்தைச் சேர்ந்த பியேர் தெஃபோந்தேன் என்பார்கள்.

'அன்றே சாப்பிடு' என்ற விதிக்கு இது விலக்கு. செய்த அன்று மக்கரோன் சரியாக இருக்காது. ஒரு நாள் குளிரில் இருந்து, நடுவிலிருக்கும் கனாஷின் ஈரம் தட்டுக்குள் இறங்கிய பிறகுதான் பக்குவம் வரும். சாப்பிடுவதற்குக் கால் மணி நேரம் முன்பே ஃபிரிஜிலிருந்து எடுத்து வெளியே வையுங்கள்.

சுவையில் ஒன்று சொல்ல வேண்டுமானால், பியேர் எர்மே கடையின் இஸ்பஹான். ரோஜா, லிச்சி, ராஸ்பெரி மூன்றும் சேர்ந்தது. பன்னீர் வாசனையில் வளர்ந்த நமக்கு அது அந்நியமாக இருக்காது. எர்மே அல்சாஸ் பகுதியின் கோல்மார் ஊர்க்காரர், 14 வயதில் பெயர் பெற்ற பத்திஸ்யே கஸ்தோன் லெனோத்ரிடம் வேலை பழகப் போனவர்.

பாபாவில் நிஜமாகவே சாராயம் இருக்கிறதா? குழந்தைக்குக் கொடுக்கலாமா?

இருக்கிறது, தாராளமாக இருக்கிறது. குழந்தைக்கு வேண்டாம். ஈஸ்ட் போட்டுப் பொங்க வைத்துச் சுட்ட உலர்ந்த கேக்கை ரம் கலந்த பாகில் ஊற விடுவார்கள், ஜாமூன் ஊறுவது போல. சாப்பிட்டு வந்தால் வாசனை தெரியும். ஸ்டோரர் கடையின் பெருமையே இதுதான். பல் இல்லாத அரசர் ஸ்டானிஸ்லாஸுக்குக் காய்ந்த கேக்கை மென்மையாக்க மதுவில் நனைத்ததில் தொடங்கியது என்று கதை சொல்வார்கள். கதை எப்படியோ, ரம் பின்னால் வந்து சேர்ந்தது.

மது தவிர்ப்பவர்கள் பாபாவோடு நிறுத்திவிடக் கூடாது. போர்தோ ஊரின் சின்னக் கேக்கான கனலேயில் ரம் உண்டு. ஜனவரி மாத கலெத்திலும் (அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்) சில கடைகளில் ஊற்றுவார்கள். 'சான்ஸ் அல்கோல்?' என்று கேளுங்கள். 'மது இல்லாததா?' என்று அர்த்தம்.

நான் சைவம். எதையாவது சாப்பிட முடியுமா?

முட்டை உங்களுக்குச் சரி என்றால், முடியும், ஆனால் கேட்டு வாங்க வேண்டும். கவலைப்பட வேண்டியது ஜெலட்டின். கண்ணாடிபோல் மின்னும் பூச்சுப் போட்ட மூஸ் கேக்குகள், பழ மூஸ் வைத்தவை, ஆடாமல் நிற்கும் லேசான கிரீம்கள் ஆகியவற்றில் பெரும்பாலும் ஜெலட்டின் இருக்கும். ஐரோப்பாவில் அது பெரும்பாலும் பன்றித் தோலிலிருந்து எடுப்பது. இஸ்லாமிய நண்பர்களும் இதைக் கவனிக்க வேண்டும். கடையில் இப்படிக் கேளுங்கள்: 'எஸ் கில் யா த லா ஜெலாத்தின்?' கேட்டால் முகம் சுளிக்க மாட்டார்கள், உள்ளே போய் விசாரித்து வந்து சொல்வார்கள்.

வழக்கமான முறையில் செய்த எக்லேர், பாரி ப்ரெஸ்ட், ஆப்பிள் தார்த், ஃபினான்ஸ்யே, மத்லேன் என்ற சின்னக் கேக்குகள் ஆகியவற்றில் பொதுவாக ஜெலட்டின் தேவைப்படாது. சிவப்பு, இளஞ்சிவப்பு நிறத்துக்கு எண் 120 என்ற சாயம் சேர்ப்பதுண்டு, அது பூச்சியிலிருந்து வருவது. மக்கரோன் பெட்டியின் பின்னால் பார்த்துக்கொள்ளுங்கள்.

முட்டையும் வேண்டாம் என்றால் வழி குறுகிவிடும். இதை நான் இனிப்பு தடவிச் சொல்ல விரும்பவில்லை, பிரெஞ்சு பத்திஸ்ரி முட்டையின் மேல் நிற்கிறது. பல்மியே என்று இதய வடிவில் ஒன்று இருக்கும், அடுக்கு மாவும் சர்க்கரையும் மட்டும். அதிலும் மேலே முட்டை தடவியிருக்கிறதா என்று கேளுங்கள். பாத் து ஃப்ருயி என்ற பழ மிட்டாய் பழங்களிலிருந்து எடுக்கும் பெக்டினால் உறைய வைப்பது, முட்டையோ ஜெலட்டினோ வழக்கமாக இராது. கொய்யா அல்வா பிடிக்கும் என்றால் இதுவும் பிடிக்கும். 'வேகன்' என்று பலகை வைத்த பத்திஸ்ரிகளும் இப்போது பாரிஸில் உண்டு. நிம்மதியாகச் சாப்பிட வேண்டுமென்றால் அங்கேயே போங்கள்.

பருப்பு ஒவ்வாமை உள்ளவர்கள் கவனம். பாதாம் இல்லாத அலமாரி கிடையாது. ஐரோப்பியச் சட்டப்படி 14 ஒவ்வாமைப் பொருள்களைப் பற்றிக் கடை தகவல் தர வேண்டும், தயங்காமல் கேளுங்கள்.

ரொம்பத் தித்திப்பாக இருக்குமோ? அப்பாவுக்குச் சர்க்கரை.

நம் ஜாங்கிரியோடு ஒப்பிட்டால் தித்திப்பு குறைவுதான். வெண்ணெய், கசப்புச் சாக்லேட், எலுமிச்சைப் புளிப்பு எல்லாம் சேர்ந்து இனிப்பை அடக்கும். ஆனால் தித்திப்பு நாக்கில் தெரியவில்லை என்பதால் சர்க்கரை இல்லை என்று அர்த்தம் ஆகாது, மைதாவும் சேர்ந்திருக்கிறது. அப்பாவை வெளியே நிற்க வைக்காதீர்கள். ஒன்றை வாங்கி மூன்று பேர் பகிருங்கள், அவருக்கு இரண்டு கரண்டி. அந்த இரண்டு கரண்டியை அவர் ரசிப்பது போல மற்ற இருவரும் ரசிக்க மாட்டார்கள்.

விலை எவ்வளவு ஆகும்?

அக்கம்பக்கத்துக் கடையில் ஒரு ஆள் சாப்பிடும் பண்டம் ஏறத்தாழ 4 முதல் 6 யூரோ. பெயர் பெற்ற கடைகளில் 7 முதல் 10, நட்சத்திர சமையற்காரர்களின் கடையில் அதற்கும் மேல். உட்கார்ந்து சாப்பிட்டால் அதே பண்டத்துக்கு விலை கூடும். டிப்ஸ் கட்டாயமில்லை, பரிமாறும் கட்டணம் பில்லிலேயே சேர்ந்திருக்கும். ரூபாயில் மாற்றிப் பார்த்தால் மனசு கேட்காது, தெரியும். ஆறு பேருக்கு ஆறு வாங்காதீர்கள். மூன்று வாங்கி எல்லோரும் எல்லாவற்றையும் ருசி பாருங்கள். செலவு பாதி, சுவை மூன்று.

படம் எடுக்கலாமா?

முதலில் கேளுங்கள். பெரும்பாலும் தலையாட்டுவார்கள். ஆனால் ஞாயிறு காலை வரிசையில் பின்னால் பத்துப் பேர் நிற்கும்போது அலமாரி முன்னால் நின்று வீடியோ எடுக்க வேண்டாம். வாங்கியதை வெளியே வந்து, நல்ல வெளிச்சத்தில் ஒரு படம் எடுங்கள், போதும். கிரீம் காத்திருக்காது.

குறிப்பிட்ட காலத்தில் மட்டும் கிடைப்பவை உண்டா?

உண்டு. ஜனவரி என்றால் கலெத் தே ருவா, அடுக்கு மாவுக்குள் பாதாம் கிரீம் வைத்த வட்டம். உள்ளே சின்னப் பீங்கான் பொம்மை ஒன்றை ஒளித்து வைத்திருப்பார்கள், 'ஃபேவ்' என்று பெயர். யார் துண்டில் அது வருகிறதோ அவருக்குத் தங்கக் காகித கிரீடம். வீட்டிலேயே சின்னக் குழந்தை மேசைக்கு அடியில் உட்கார்ந்து, எந்தத் துண்டு யாருக்கு என்று சொல்லும். மெதுவாகக் கடியுங்கள், பல்லில் பட்டால் வலிக்கும். டிசம்பரில் மரக்கட்டை வடிவக் கேக்கான பூஷ். மே, ஜூனில் ஸ்ட்ராபெரி வைத்த ஃப்ரெசியே, அந்த இரண்டு மாதத்தில் வந்தால் வேறெதையும் பார்க்காதீர்கள். டிசம்பரில் ஸ்ட்ராபெரித் தார்த் விற்கும் கடையை நான் தாண்டிப் போய்விடுவேன்.

இந்தத் தொழிலில் நம் தமிழர்கள் இருக்கிறார்களா?

இருக்கிறார்கள். பாரிஸ் உணவகங்களின் சமையலறைகளில் ஈழத்திலிருந்து வந்த தமிழர்கள் பல்லாண்டுகளாக உழைக்கிறார்கள். 2023-இல் பாரிஸ் நகரின் சிறந்த பாகெத் (நீளமான ரொட்டி) போட்டியில் முதல் பரிசு வாங்கியவர் தர்ஷன் செல்வராஜா. இலங்கையில் பிறந்து 2006-இல் பிரான்ஸ் வந்தவர். நகரின் 20-ஆம் வட்டாரத்தில் பிரனே தெருவில் அவர் கடை. இந்தப் பரிசு பெறுகிறவர் ஓராண்டுக்குக் குடியரசுத் தலைவரின் எலிசே மாளிகைக்கு ரொட்டி அனுப்புவார். அது ரொட்டிக்கான பரிசு, பத்திஸ்ரிக்கானது இல்லை. ஆனாலும் அந்தச் செய்தி வந்த அன்று லாச்சப்பலில் காய்கறிக் கடையில் நின்றவர்கள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் பார்த்தேன். அதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

சில கடைகளில் வெள்ளைச் சட்டையின் கழுத்துப் பட்டையில் நீலம், வெள்ளை, சிவப்பு மூன்று நிறக் கோடு போட்டவர்களைப் பார்ப்பீர்கள். நாட்டின் தலைசிறந்த கைவினைஞர் என்ற பட்டத்தைத் தேர்வெழுதி வென்றவர்கள் மட்டும்தான் அதை அணியலாம். அப்படி ஒருவர் கடையில் இருந்தால் தயங்காமல் அவரிடமே 'எதை வாங்கலாம்?' என்று கேளுங்கள்.

ஊருக்கு எடுத்துப் போகலாமா?

கிரீம் வைத்த எதையும் வேண்டாம். பத்து மணி நேர விமானம், அதன் பிறகு சென்னை வெயில், அதன் பிறகு காரைக்காலுக்குக் கார். பெட்டியைத் திறக்கும்போது கிரீம் திரிந்திருக்கும், சாப்பிட்டால் வயிற்றுக்கும் ஆகாது. மக்கரோன் பெட்டியைக் கடைசி நாள் வாங்கிக் கைப்பையில் வைத்து எடுத்துப் போகலாம், போனதும் ஃபிரிஜில் வைத்து இரண்டொரு நாளில் முடித்துவிட வேண்டும். ஃபினான்ஸ்யே, பல்மியே, பாத் து ஃப்ருயி, எக்ஸ் ஊரின் கலிசோன் இவை பயணத்தைத் தாங்கும். கலிசோன் பாதாமும் பாகில் ஊறிய மெலோனும் அரைத்துச் செய்வது. வயதானவர்களுக்கு மெல்லச் சுலபம்.

பெட்டியை மெட்ரோவில் எப்படிக் கொண்டுபோவது?

சின்னக் கடைகளில் ஒன்றிரண்டு வாங்கினால் அட்டையில் வைத்து, காகிதத்தை நாலு பக்கமும் தூக்கிக் கூம்பாக மடித்து, உச்சியில் ரிப்பனால் ஒரு முடிச்சுப் போட்டுத் தருவார்கள். அந்த முடிச்சில் விரலை நுழைத்துத் தொங்கவிட்டுப் பிடிக்க வேண்டும், அப்படியே நேராக நிற்கும். பெட்டியாகக் கொடுத்தால் உள்ளங்கையை அடியில் வைத்துக் கிடையாக ஏந்துங்கள், பைக்குள் செருகாதீர்கள். பெட்டியை மடியில் வைத்து உட்கார்ந்திருப்பவரை மெட்ரோவில் யாரும் இடிக்க மாட்டார்கள், கொஞ்சம் ஒதுங்கி வழிவிடுவார்கள். போன மாதம் எதிர் இருக்கையில் இருந்த ஒரு பாட்டி என் கையில் இருந்த கூம்பைப் பார்த்து, 'பாரி ப்ரெஸ்ட்டா?' என்று கேட்டார். இல்லை, சேந்தோனோரே என்றேன். உடனே மணியைப் பார்த்தார். 'வீடு தூரமா?' என்று கேட்டார்.